கடுகுக்கு வயிறு சரியான கதை

ஒரு ஊர்ல ஒரு காம்பவுண்டு. ஆறு வீடு, ஒரு குழாய், நடுவுல எல்லாருக்கும் பொதுவா ஒரு முத்தம். ம் சொல்லுடி. சொன்னாத்தான் அத்தை கதை நகரும்.

"ம்."

அந்த முத்தத்து ஓரத்துல இட்லிக்கடை போட்டவ குருவம்மா. அவகிட்ட ஒரு கருப்பு நாய்க்குட்டி, பேரு கடுகு. மழையில நனைஞ்சு கடைக்குள்ள தானா வந்து படுத்துக்கிச்சு. பூனைக்குட்டி அளவுதான் இருக்கும். அதுக்குத் திடீர்னு வயித்தால போக ஆரம்பிச்சது. சர்ர்ர்... புர்ர்ர்... சிரிக்காத! அதுக்கு வலிக்குமா வலிக்காதா? முத்தம் பூரா மஞ்சத் தண்ணி. குருவம்மாவும் ரெண்டு வாரமா சாம்பலப் போட்டு அள்ளுறா, அள்ளுறா, அள்ளிக்கிட்டே இருக்கா.

அப்போ மாடியில இருந்து ஓனரம்மா அலமேலு மூக்கப் பொத்திக்கிட்டு எறங்கி வந்துச்சு. "ஏ குருவம்மா! சனிக்கிழமைக்குள்ள இந்தப் பேதி நிக்கணும். இல்ல, குட்டிய சாக்குல கட்டி ஆத்துக்கு அந்தப் பக்கம் விடச் சொல்லிருவேன்."

குருவம்மா கரண்டிய இடுப்புல குத்திக்கிட்டு நின்னா. "சாக்க எடுத்துட்டு வாங்க ஓனரம்மா. மொதல்ல என்னையக் கட்டுங்க, அப்புறம் அதைக் கட்டலாம்." வாய்தான் அப்படிப் பேசுச்சு. உள்ள போயி கடுக மடியில போட்டுக்கிட்டு அழுதா.

வியாழக்கிழமை, பக்கத்து வீட்டுக்காரி சொன்னான்னு ஓமத்தண்ணி குடுத்தா. அப்புறம்?

"சர்ர்ர்!"

ஆமா, சர்ர்ர். கழுதைக்கு இது மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு.

வெள்ளிக்கிழமை, கடுகு போனதுல கொஞ்சத்தை ஒரு தைல டப்பாவுல எடுத்துக்கிட்டு, கடுகையும் கூடையில வச்சு மாட்டாஸ்பத்திரிக்குக் கெளம்பிட்டா. பஸ்ஸுல கண்டக்டர் கேட்டாரு, "டப்பாவுல என்னம்மா, ஊறுகாயா?" இவ சொன்னா, "மோந்து பாக்குறீங்களா?" அப்புறம் அந்தாளு இவ பக்கமே வரல!

டாக்டர் பாத்துட்டு, "வயித்துல பூச்சி இருக்கு. இந்தா மருந்து. பசும்பால் குடுக்குறியாம்மா? குட்டிக்குச் செரிக்காது"ன்னாரு. "சத்தியமா ஒரு சொட்டு குடுக்கல சார்." அவரு நம்பாமத் தலைய ஆட்டுனாரு. மருந்து குடுத்ததும் சாயங்காலம் சேமியா மாதிரி பூச்சி வெளிய வந்துச்சு. கடுகு கொஞ்சம் சோறு தின்னுச்சு, வாலக்கூட ஆட்டுச்சு. ஆனா குருவம்மாவுக்கு அந்தப் பால் பேச்சு மனச அரிச்சுக்கிட்டே இருந்துச்சு. நான் குடுக்கல, அப்போ யாரு குடுக்குறா? தூங்கிட்டியாடி?

"ம்ஹூம். யாரு அத்தை?"

கேளு. சனிக்கிழமை விடியக்கால, காக்கா கத்துற நேரம். குருவம்மா தண்ணி டிரம்முக்குப் பின்னாடி குந்தியிருந்தா. கிணு கிணு கிணுன்னு வளையல் சத்தம். யாருங்குற? ஓனரம்மா! கையில வெள்ளிக் கிண்ணம், நெறைய பால். "பைரவா, என் தோஷத்தைக் கழிச்சு விடுப்பா"ன்னு கடுகு முன்னாடி வச்சுது. கடுகும் லப் லப் லப்.

இட்லிச்சட்டி மூடிய எடுத்தா பாரு குருவம்மா, டங் டங் டங்! ஆறு வீடும் வெளிய வந்துருச்சு.

"எத்தன நாளா ஓனரம்மா?"

ஓனரம்மா முந்தானையத் திருகிக்கிட்டே, "ஜோசியர் கருப்பு நாய்க்கு நாப்பத்தெட்டு நாள் ஊத்தச் சொன்னாரு. இன்னைக்குப் பதினெட்டு"ன்னுச்சு.

"பதினெட்டு நாளாத்தான் அதுக்கு வயித்தால போகுது! தோஷம் உங்களுக்கு, பேதி என் புள்ளைக்கா? இப்போ யாரச் சாக்குல கட்டணும்? சொல்லுங்க!"

ஓனரம்மா பால் கிண்ணத்த முதுகுக்குப் பின்னாடி மறைச்சுச்சு.

"மிச்சம் முப்பது நாளும் பரிகாரம் பண்ணுங்க, வேணாங்கல. பாலுக்குப் பதிலா குழைஞ்ச சோறு. அள்ளுறதும் நீங்கதான்." அப்படின்னு சாம்பல் சட்டியையும் முறத்தையும் ஓனரம்மா கையில திணிச்சுட்டு, குருவம்மா இட்லி ஊத்தப் போயிட்டா. ஓனரம்மா சுத்திப் பாத்துச்சு. ஆறு வீடும் பாத்துக்கிட்டு நிக்குது. என்ன செய்யும்? குனிஞ்சு அள்ளுச்சு.

தெனம் அள்ளுச்சு. அள்ள அள்ள, இன்னைக்கு எப்படி இருக்குன்னு அதுவே குனிஞ்சு பாக்க ஆரம்பிச்சது. அஞ்சாம் நாள் காலையில முத்தத்துல இருந்து ஒரே கூச்சல். "ஏ குருவம்மா! ஓடி வாடி! கெட்டி! கெட்டியாப் போயிருக்குடி!"

குருவம்மா கரண்டியோட ஓடி வந்தா. ஆறு வீட்டுக்காரங்களும் சுத்தி நின்னு கை தட்டுறாங்க. நடுவுல கடுகு, என்னமோ ஜெயிச்சுட்டு வந்த மாதிரி மண்ணப் பறிச்சுப் பறிச்சுத் தள்ளுது. குருவம்மா ஓனரம்மாவப் பாத்தா. "சாக்கு வேணுமா ஓனரம்மா?"

"வேணும்டி," அப்படின்னுச்சு ஓனரம்மா. "நாலா மடிச்சு என் வாசல்ல போடு. குட்டி படுத்துக்கட்டும்."

கடுகுக்கு வயிறும் கெட்டி, காம்பவுண்டுல எடமும் கெட்டி. கடுகு படுத்தாச்சு, கதையும் படுத்தாச்சு, நீ மட்டும் என்னடி முழிச்சுக்கிட்டு? கண்ண மூடு.