லாயத்தில் காருக்கும் இடமுண்டு

நாகப்பட்டினத்துக்குத் தெற்கே, கடலோரத்தில், வெளியூர்க்காரர்கள் தங்கள் குதிரைகளை விட்டுவைக்கும் லாயம் ஒன்று இருந்தது. முதலாளி வில்வநாதன். தண்ணீர் காட்டி, லத்தி அள்ளி, குதிரைகளோடு குதிரையாக வேர்த்துக் கிடப்பவள் அமலோற்பவம்.

புயல் வருகிறதென்று ரேடியோ சொன்னதும் குதிரைக்காரர்கள் பதறி ஓடிவந்தார்கள். அவர்கள் எதிரே வில்வநாதன் நெஞ்சை நிமிர்த்தினார்.

"எல்லாத்தையும் உள்ளே கட்டிப் பூட்டு. கூரை நான் போட்டது. இந்திரனே வந்தாலும் அசையாது."

அமலோற்பவம் அந்தத் தகரக் கூரையைப் பார்த்தாள். சாதாரணக் காற்றுக்கே படபடவென்று அடித்துக்கொள்ளும்.

"திடல்ல அவுத்து விட்டா தப்பிச்சுக்கும்யா. உள்ள பூட்டினா ஓட வழியில்ல."

"ஒரு குதிரை வெளியே நின்னாலும் நாளைக்கு உனக்கு இங்கே வேலை கிடையாது!"

காலையிலிருந்து உட்காராதவள். வாதாடத் தெம்பில்லை. எல்லாவற்றையும் உள்ளே கட்டினாள். பிறகு பெரிய கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நடுவுல இடமிருக்கு. உங்க புதுக் காரையும் உள்ள விட்டுடுங்கய்யா. பாவம், வெளிய நிக்குது."

"பைத்தியமா உனக்கு? கூரை விழுந்தா காரு என்னத்துக்கு ஆகும்?"

சொன்ன பிறகுதான் வில்வநாதன் வாயை மூடினார். குதிரைக்காரர்கள் விறுவிறுவென்று உள்ளே நுழைந்தார்கள். அவரவர் குதிரையை அவரவரே அவிழ்த்துத் திடலுக்கு ஓட்டிப்போனார்கள். கடைசி ஆள் மட்டும் திரும்பிப் பார்த்தார்.

"நாளைக்கு இந்தம்மா இங்கே இருக்குமில்ல? இது இருந்தாத்தான் என் குதிரையும் இருக்கும்."

"இருக்கும், இருக்கும்," என்றார் வில்வநாதன்.

"இருக்கேன்யா," என்றாள் அமலோற்பவம், காலியான லாயத்து வாசலில் சரிந்தபடி. "இப்ப கொஞ்சம் உக்கார விடுங்க."