அறுபத்தெட்டாம் வரி

"வெறும் அச்சுப்பிழைதான் டீச்சர். ஒரு திருத்தச் சீட்டு அடிச்சு எல்லாருக்கும் அனுப்பிட்டா போதாதா?" என்று கேட்டாள் செண்பகவல்லி.

அவளுக்கு ஐம்பத்தாறு வயசு. கோத்தகிரியில் அவளுக்குக் கம்பளிப் பின்னல் கற்றுக்கொடுத்த ரூபி டீச்சருக்கு முப்பத்தொன்று. கற்றுக்கொண்ட இடத்தில் போய் வயசைப் பார்க்க முடியுமா?

டீச்சர் கையை நீட்டினாள். செண்பகவல்லி பையிலிருந்த கடிதத்தைக் கொடுத்தாள்.

குன்னூரிலிருந்து ஒரு தாய் எழுதியது. செண்பகவல்லி சொந்தமாய் அச்சிட்ட பின்னல் புத்தகத்தைப் பார்த்து, மகனின் முதல் பிறந்தநாளுக்கு ஸ்வெட்டர் பின்னியிருக்கிறாள்.

'புத்தகத்தில் சொன்னபடியே இரண்டு மாதம் பின்னினேன். கழுத்தில் தலை நுழையவில்லை. பிரித்து மறுபடி பின்னுவதற்குள் பிள்ளை வளர்ந்துவிட்டான்.'

"அறுபத்தெட்டாம் வரி," என்றாள் செண்பகவல்லி. "கழுத்துக்கு முப்பத்தாறு கண்ணி விடணும். இருபத்தாறுன்னு விழுந்துடுச்சு."

"அச்சுக்கு முன்னாடி யாராவது பின்னிப் பார்த்தாங்களா?"

"உங்களுக்குத்தானே நான் எழுதின கைப்பிரதியை அனுப்பினேன் டீச்சர்."

"நான் என்ன சொன்னேன்?"

"உங்ககிட்டேருந்து பார்சல் வந்துச்சு. பின்னி முடிச்சுட்டீங்க, எல்லாம் சரியாத்தான் இருக்கும்னு அச்சுக்குக் கொடுத்துட்டேன். புத்தகக் கண்காட்சி வேற நெருங்கிடுச்சு."

"பிரிச்சுப் பார்க்கலையா?"

செண்பகவல்லி தலையைக் குனிந்துகொண்டாள். அந்தப் பார்சல் புத்தகக் கட்டுகளுக்கு அடியில் ஒன்றரை வருஷமாய்க் கிடக்கிறது. போட்ட முடிச்சு போட்டபடி.

"நானாவது ஒரு போன் போட்டிருக்கணும்," என்றாள் டீச்சர். அவள் குரலும் இறங்கிப்போயிருந்தது. "பார்த்தாலே புரியும்னு விட்டுட்டேன். வீட்டுக்குப் போய்ப் பிரிங்கக்கா. சீட்டுல என்ன எழுதறதுன்னு அப்புறம் பேசலாம்."

வீட்டுக்கு வந்தவள் குடையைக்கூட மடக்கி வைக்காமல் கட்டுகளைத் தள்ளிப் பார்சலை எடுத்தாள்.

உள்ளே கடிதம் இல்லை. மஞ்சள் நிறத்தில் ஒரு குழந்தை ஸ்வெட்டர், முக்கால்வாசி.

கீழேயிருந்து வரிகளை விரலால் எண்ணிக்கொண்டே வந்தாள். அறுபத்தைந்து, அறுபத்தாறு, அறுபத்தேழு.

அதற்கு மேல் டீச்சர் பின்னவில்லை. ஊசி அப்படியே செருகியிருந்தது.

செண்பகவல்லி வெகுநேரம் அந்த ஊசியை உருவ மனசு வராமல் உட்கார்ந்திருந்தாள்.

பிறகு, அச்சுக்குக் கொடுக்க எழுதி வைத்திருந்த திருத்தச் சீட்டைப் பையிலிருந்து எடுத்தாள். 'அச்சுப்பிழை' என்று எழுதியிருந்ததைப் பேனாவால் அடித்தாள்.