தலைவர் வீட்டு இரண்டு குடம்

அந்தத் தண்ணீர்ப் பஞ்சத்தில் வீட்டுக்கு ஒரு நாளைக்கு இரண்டு குடம்தான் என்று பேரூராட்சி கட்டளை போட்டிருந்தது. மாமனார் இறந்த காலையில், பிணத்தைக் குளிப்பாட்ட இன்னொரு குடம் கேட்டு, முத்துப்பேச்சி தலைவர் வேலாயுதபெருமாளின் வாசலில் நின்றாள்.

"என் வீட்டுலயும் ரெண்டு குடம்தாம்ளா. செத்தவனுக்கு என்ன குளிப்பு?" என்றார் அவர்.

மதிலுக்குப் பின்னால் ஈரமண் மணத்தது. வெறுங்குடத்தோடு திரும்பினாள்.

பிணத்துக்கு நீர் எடுக்க மேளத்தோடு போகும் நீர்மாலையை அந்த ஊரில் யாரும் மறிப்பதில்லை. மதியம் ஊரே பின்னால் வர, அது வறண்ட ஆற்றுக்குப் போகாமல் தலைவர் வீட்டு மதிலுக்குள் நுழைந்தது. அங்கே பச்சைப் புல்தரையில் ரப்பர்க் குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

முத்துப்பேச்சி குழாயின் வாயில் குடத்தைப் பிடித்தாள்.

"உங்க ரெண்டு குடத்துல ஒண்ணை எடுத்துக்கிடுதேன் ஐயா."

பின்னால் நின்ற பெண்கள் தங்கள் குடங்களை எடுத்துவர வீட்டுக்கு ஓடினார்கள்.