தேவசகாயத்தின் மூச்சு

விமானிகளின் மூச்சை அளக்கும் கூடத்தில் டாக்டர் சபூராவிடம் தொழில் கற்க வந்தவன் முகில். ஆக்சிஜன் முகமூடிக்குள் மூச்சுமானியைப் பொருத்துவான். நடுநடுவே எல்லார் குரலிலும் பேசுவான். லிஃப்ட்டின் குரலைக்கூட விட்டுவைக்கவில்லை.

அன்று போர் விமானி தேவசகாயம் வானில் வேகமாக வளைந்து திரும்பிப் பறந்துவிட்டுத் தரையிறங்கி வந்து, "வளைவுல மூச்சு பத்தல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

முகில் மூச்சுமானியின் திரையைப் பார்த்தான். நிமிடத்துக்கு வேண்டிய அளவு காற்று அவருக்குக் கிடைத்திருந்தது. குறைவே இல்லை.

"மேடம், கருவி பொய் சொல்லாது. ஆளுக்குத்தான் பயம். பறக்கத் தகுதியில்லைன்னு எழுதிடலாமா?"

"எழுதினா அந்த மனுஷன் இனி விமானம் ஏற முடியாது. தெரியும்ல?"

"தெரியும் மேடம். ஆனா அவர் சொன்ன அழகக் கேட்டீங்களா?" முகில் நெஞ்சை நிமிர்த்தி மூக்கால் முழங்கினான். "வளைவ்வுல மூச்ச்சு பத்த்தல!"

கூடமே சிரித்தது. சபூராவும் சிரித்தார்.

"அச்சு அசல் தேவசகாயம். மூச்சையும் அவர மாதிரியே விடுவியா?"

"அது என்ன பெரிய வித்தையா மேடம்?"

சபூரா முகமூடியை அவனுக்கு மாட்டி, அதன் குழாயை விமானத்தில் இருக்கும் அதே மாதிரி, மூச்சை இழுத்தால் திறந்து காற்று விடும் வால்வில் செருகினார். தேவசகாயம் பறந்தபோது எடுத்த விமானியறை ஒலிப்பதிவை ஒலிக்கவிட்டார்.

வளைவு வந்தது. தலையிலிருந்து ரத்தம் இறங்கிவிடாமல் இருக்க, தேவசகாயம் தொடையையும் வயிற்றையும் இறுக்கி மூச்சைப் பிடிப்பது கேட்டது. ஹக்! வெடுக்கென்று விட்டு, வெடுக்கென்று இழுத்து, மறுபடி ஹக்!

முகிலும் இறுக்கினான். பிடித்தான். விட்டான். இழுத்தான்.

முகமூடி கன்னத்தோடு ஒட்டிக்கொண்டது. வால்வு திறந்து காற்று வந்தபோது, பதிவில் தேவசகாயம் அடுத்த மூச்சைப் பிடித்தாகிவிட்டது. மறுபடி இழுத்தான். மறுபடியும் காற்று பிந்தியே வந்தது. கண் பிதுங்க முகமூடியைப் பிடுங்கி எறிந்தான்.

யாரும் சிரிக்கவில்லை.

"திரையப் பாரு. மொத்தக் கணக்குல உனக்கும் குறைச்சல் இல்ல."

"அப்போ கருவி பொய்யா மேடம்?"

"எவ்வளவுன்னு கேட்டோம். எவ்வளவுன்னு சொல்லிச்சு. எப்போ வந்துச்சுன்னு நாம கேக்கல."

முகில் நாற்காலியில் சாய்ந்து மூச்சு வாங்கினான். சபூரா ஸ்பானரை எடுத்து, வால்வைக் கழற்றத் தொடங்கினார்.

"தேவசகாயம் என்ன சொன்னாரு? இன்னொரு தரம் சொல்லு."

முகில் வாயைத் திறந்தான். முழக்கம் வரவில்லை. வந்தது அவனுடைய சொந்தக் குரல்.

"வளைவுல... மூச்சு பத்தல."

"இப்பத்தான் அச்சு அசல் அவர மாதிரி இருக்கு," என்றார் சபூரா.