பேர் வைத்த நரிக்குட்டி

பொன்னுரங்கத்துக்கு வயது அறுபது. அவருடைய குரு திலகவதி அம்மாவுக்கோ நாற்பதுகூட ஆகவில்லை. ஊரார் சிரித்தார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும். மனைவி போய்ச் சேர்ந்து, மகனும் பேச்சை நிறுத்திவிட்ட பிறகு, பற்றையெல்லாம் அறுத்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு மலையடிவார ஆசிரமத்துக்கு வந்தவர் அவர்.

சாலையில் லாரி மோதித் தாய்நரி செத்தது. கால் ஒடிந்து கிடந்த குட்டிக்கு வனத்துறை மருத்துவர் கட்டுப் போட்டு, வளரும்வரை பார்த்துக்கொள்ளச் சொல்லி ஆசிரமத்தில் விட்டுப்போனார்.

"சாக்கைப் போர்த்திக்கிட்டு இரை வைங்க. முகம் காட்டாதீங்க, பேசாதீங்க, தடவாதீங்க" என்றார் அம்மா.

பொன்னுரங்கம் பலமாகத் தலையாட்டினார். ஆட்டி என்ன? ஒரு மத்தியானம் சாக்கை விலக்கி, "ராசா" என்று கூப்பிட்டுவிட்டார். குட்டி நொண்டி நொண்டி வந்து விரலை நக்கியது. கூப்பிட்ட குரலுக்கு ஓடிவர உலகத்தில் ஒரு ஜீவன்! மனுஷன் உருகிப் போனார். அப்புறம் தினமும் அதே கதைதான்.

கால் கூடியது. குட்டி வளர்ந்து, எலி பிடிக்கவும் பழகியது. வனத்துறை ஆட்கள் வந்து காட்டோரம் கூண்டைத் திறந்தார்கள்.

நரி காட்டைப் பார்த்தது. பிறகு நேரே வந்து பொன்னுரங்கத்தின் காலடியில் உட்கார்ந்துகொண்டது.

அம்மாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"பேர் என்ன?"

"ராசா."

"கீழே ஊர்ல கோழி வளர்க்கிறவங்க காலடியிலயும் இப்படித்தான் போய் உட்காரும். அவங்க கையில தடி இருக்கும்."

பொன்னுரங்கம் கெஞ்சினார். "நாமளே வச்சுக்கலாமேம்மா."

"யாருக்காக?"

அவர் குனிந்து நரியின் தலையைத் தடவினார்.

"விரட்டுங்க ஐயா."

"ஐயோ, நீங்க விரட்டுங்கம்மா. உங்க காலைப் பிடிக்கிறேன்."

"நான் விரட்டினா என்னைக் கண்டுதான் பயப்படும். நீங்க விரட்டினாத்தான் மனுஷனைக் கண்டு பயப்படும்."

அவர் காலை ஓங்கித் தரையில் உதைத்தார். விளையாட்டு என்று நினைத்து அது வாலை ஆட்டியது. மண்ணை அள்ளி, "போ! போய்த் தொலை!" என்று கத்தி அதன் முகத்தில் வீசினார். நரி வெலவெலத்துப் பின்வாங்கியது. இன்னொரு கை மண். காதை மடக்கிக்கொண்டு ஒரே ஓட்டமாகப் புதருக்குள் மறைந்தது.

அவர் அங்கேயே உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கலையேம்மா."

அம்மா அவர் கையைப் பிடித்து மண்ணைத் தட்டிவிட்டார்.

"பார்த்திருந்தா இன்னொரு கை அள்ள வேண்டியிருந்திருக்கும். உங்களால முடிஞ்சிருக்குமா ஐயா?"