ஏழாவது வரி

கோதண்டபாணியின் நினைவுக் கூட்டம் மாலை ஆறு மணிக்கு. அதில் பேச வரப்போவதில்லை என்று சொல்லத்தான் இருதயராஜ் மத்தியானமே டீச்சர் வீட்டுக்குப் போனார்.

ஐம்பத்துநாலு வயதிலும் அவர் டீச்சர் என்று கூப்பிடுவது மங்களநாயகி ஒருவரைத்தான். பள்ளியில் இருதயராஜுக்குக் கணக்கில் கண்ணைத் திறந்துவிட்டவர். இறந்துபோன கோதண்டபாணி, டீச்சரோடு கல்லூரியில் ஒரே வகுப்பு. பெரிய கணித அறிஞர். சம்பாதித்ததையெல்லாம் அடுத்தவர்களுடைய ஆராய்ச்சிக்குக் கொடுத்தவர். கொடுத்ததற்கு அறிக்கை கேட்கமாட்டார். வருடத்துக்கு ஒரு பக்கக் கடிதம் போதும். அதில் ஒரே கேள்விக்குப் பதில் இருக்க வேண்டும்: இந்த வருஷம் எங்கே மாட்டிக்கொண்டாய்?

அந்தப் பணம் வாங்கிய இருதயராஜ் பன்னிரண்டு கடிதங்கள் எழுதியிருந்தார். பன்னிரண்டிலும் ஒரே இடம். அவர் முடிக்க முயன்ற நிரூபணத்தின் ஏழாவது வரி.

மற்றவர்கள் மேடையில் கண்டுபிடிப்புகளைச் சொல்வார்கள், தன்னிடம் என்ன இருக்கிறது என்று டீச்சரிடம் புலம்பினார். பிறகு, வெகுநாளாக உள்ளே அரித்துக்கொண்டிருந்ததையும் கேட்டுவிட்டார்.

"பாவம் பார்த்துத்தானே டீச்சர் எனக்குக் கொடுத்தார்?"

டீச்சர் செருப்பை மாட்டிக்கொண்டு, ஆட்டோ பிடிக்கச் சொன்னார்.

வழியெல்லாம் கோதண்டபாணி பேச்சுதான். ஒரு விழாவில் போர்த்திய பொன்னாடையை எடுத்துக் கரும்பலகையைத் துடைத்தாராம். போர்த்திய மந்திரி முன்வரிசையில் இருந்தாராம். டீச்சர் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

கோதண்டபாணியின் வீட்டில், அவர் கடைசியாகப் படுத்திருந்த அறைக்கு டீச்சர் கூட்டிப்போனார். கட்டிலுக்கு நேரெதிரே ஒரு கரும்பலகை. அதன் உச்சியில் இருதயராஜின் ஏழாவது வரி, கோதண்டபாணியின் கையெழுத்தில்.

கீழே மூன்று வழிகளில் முயன்று, மூன்றையும் அடித்திருந்தார். இரண்டாவது வழி இருதயராஜும் போய்ப் பார்த்ததுதான். இருதயராஜ் வழியில்லாமல் திரும்பிய அதே இடத்தில் கோதண்டபாணியும் திரும்பியிருந்தார். நாலாவது முயற்சியில் எழுத்து நடுங்கியது. பாதி வரியில் நின்றுவிட்டது.

இருதயராஜ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே."

"ஏன் சொல்லலைன்னு நானும் கேட்டேன். 'அவன் பன்னிரண்டு வருஷமா நிக்கிற இடம். நான் வந்து சேர்ந்து நாலு வருஷம்தான் ஆகுது. அதுக்குள்ள என்ன பேசுறது?'ன்னான்."

இருதயராஜ் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. பலகையிலிருந்து டீச்சர் பக்கம் திரும்பினார்.

"மேடையில நான் என்ன சொல்லட்டும், டீச்சர்?"

"வருஷா வருஷம் அவன் உன்னைக் கேட்டதுக்குப் பதில் சொல்லு. இந்த வருஷக் கடிதம் நீ இன்னும் எழுதலை."