ஒரு பட்டன் தள்ளி

"இன்னும் எத்தனை மாசம், டாக்டர்? சுத்தி வளைக்காம சொல்லுங்க."

நாற்காலியில் உட்காரும் முன்பே தில்லைநாயகி கேட்டுவிட்டாள். நிதானத்துக்கும் அவளுக்கும் ஆகாது. வரும்போதுகூட, மூடப்போன லிஃப்ட் கதவில் கையை நுழைத்துத் திறந்து, கணவரை மூட்டை மாதிரி உள்ளே தள்ளிக்கொண்டுதான் வந்திருந்தாள்.

கணவர் கனகசபைக்கு எழுபத்து நாலு வயது. நுரையீரலில் ஆரம்பித்த புற்றுநோய் மூளைக்குப் போயிருந்தது. கதிர்வீச்சு கொடுப்பதா, வலிக்கு மட்டும் மருந்து கொடுத்து வீட்டோடு வைத்துக்கொள்வதா என்பது இன்றைக்கு முடிவாக வேண்டும்.

டாக்டர் ரெஹானாவுக்கு அவள் மகள் வயதுதான் இருக்கும். ஆனால் இந்த நோய்க்கு அவரிடம் கேட்காமல் எதுவும் செய்யாதே என்று நாலு பேர் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

டாக்டர், கனகசபையின் பக்கம் திரும்பினார்.

"காலையில என்ன சாப்பிட்டீங்க, சார்?"

"கஞ்சி," என்றாள் தில்லைநாயகி. "நான்தான் ஊட்டினேன்."

"தனியா நடப்பீங்களா?"

"எங்கே நடக்கிறது? எல்லாம் நான்தான்."

குளிப்பாட்டுவது, தலை வாருவது, போன் வந்தால் அவருக்குப் பதிலாகப் பேசுவது என்று அடுக்கினாள். மருமகளை ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கொடுக்க விட்டதில்லையாம். அலுப்பாகத்தான் சொன்னாள். பெருமை தானாக வெளியே வந்தது.

"அப்படின்னா என்னால சொல்ல முடியாதும்மா," என்றார் டாக்டர்.

தில்லைநாயகிக்குச் சுருக்கென்றது. ஸ்கேன் எடுத்தாயிற்று, ரத்தம் எடுத்தாயிற்று, இன்னும் என்ன எடுக்க வேண்டும், இதற்கா இத்தனை வருஷப் படிப்பு என்று கேட்டே விட்டாள்.

"ஸ்கேன் பாதிதான் சொல்லும். படுத்த படுக்கையா இருக்கிறவருக்கு ஒரு கணக்கு. தன் வேலையைத் தானே பார்க்கிறவருக்கு வேற கணக்கு."

"அதான் சொன்னேனே. இவரால ஒண்ணும் முடியாது."

"நீங்க என்ன செய்வீங்கன்னு பார்த்துட்டேன். இவரை இன்னும் பார்க்கலை."

சொல்லிவிட்டு டாக்டர் தன் உதட்டின் மேல் ஒரு விரலை வைத்தார்.

கான்வென்ட்டில் மூன்றாம் வகுப்பில் சிஸ்டர் காட்டியது அது. அதற்கப்புறம் அவளிடம் அப்படி விரல் காட்டும் தைரியம் யாருக்கும் வந்ததில்லை. ஆனாலும் பழக்கதோஷம், வாய் மூடிக்கொண்டது.

"காலையில என்ன சாப்பிட்டீங்க, சார்?"

கனகசபை யோசித்தார். மேலே மின்விசிறி சுற்றியது. கீழே தில்லைநாயகியின் கால் ஆடியது. பதில் அவள் தொண்டை வரை வந்து நின்றது.

"கஞ்சி," என்றார் அவர், ஒரு வழியாக. "தினமும் கஞ்சி. இட்லி கேக்கலாம்னு வாயைத் திறந்தா ஸ்பூன் உள்ளே வந்துடுது."

டாக்டர் சிரிக்கவில்லை. சட்டையைக் கழற்றச் சொல்லி நெஞ்சைச் சோதித்தார். ஜன்னல் வரை நடந்துவிட்டு வரச் சொன்னார்.

அவர் போனார். இடது கால் கொஞ்சம் இழுத்தது. திரும்பியும் வந்தார்.

சட்டையை அவர் கையிலேயே கொடுத்தார் டாக்டர்.

பட்டன் போட ஒரு யுகம் பிடித்தது. தில்லைநாயகியின் கை இரண்டு தரம் எழுந்தது. இரண்டு தரமும் டாக்டரின் விரல் உதட்டுக்குப் போனது.

"திங்கக்கிழமை கதிர்வீச்சு ஆரம்பிக்கலாம்னு நினைக்கிறேன். உங்களுக்குச் சம்மதமா, சார்?"

கனகசபை மெதுவாகத் தலையாட்டினார்.

"அப்ப எத்தனை மாசம்?" அவளால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"உத்தேசமா ஒண்ணு சொல்லலாம். தப்பாவும் போகும்," என்ற டாக்டர், கனகசபையைப் பார்த்தார். "நீங்க தெரிஞ்சுக்கணுமா, சார்?"

மறுபடியும் அந்த நீண்ட யோசனை.

"வேண்டாம்," என்றார். "சொன்னீங்கன்னா, இவ தினம் காலண்டர் தாளைக் கிழிச்சுட்டு என் மூஞ்சியைப் பார்ப்பா."

தில்லைநாயகி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வெளியே வந்து லிஃப்டுக்கு நின்றபோதுதான் பார்த்தாள். சட்டையில் ஒரு பட்டன் தள்ளிப் போட்டிருந்தார். ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி, பார்க்கச் சகிக்கவில்லை.

அவரும் குனிந்து பார்த்தார். மேலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தார்.

லிஃப்ட் வந்து திறந்தது. உள்ளே இருந்தவர் கதவைப் பிடித்துக்கொண்டு, வர்றீங்களாம்மா என்று கேட்டார்.

"நீங்க போங்க," என்றாள் தில்லைநாயகி.